முப்பத்தேழு விழுக்காடு: பி.டி. பருத்தியும் பூச்சிக்கொல்லிக் கணக்கும்

ஒரே எண், இரு முடிவுகள்

மரபணு மாற்றப் பயிர்களின் விளைவுகள் பற்றிப் பல நாடுகளில் வெளிவந்த 147 ஆய்வுகளை, ஜெர்மனியின் கொட்டிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்ஹெல்ம் க்ளூம்பரும் மார்ட்டின் கைமும் 2014இல் ஒன்றுதிரட்டிக் கணக்கிட்டார்கள். இப்பயிர்களால் பூச்சிக்கொல்லிப் பயன்பாடு சராசரியாக 37 விழுக்காடு குறைந்தது என்பது அவர்களுடைய முடிவு. ஆறு ஆண்டுகளுக்குப் பின், 2020இல், நாக்பூர் மத்தியப் பருத்தி ஆராய்ச்சி நிலையத்தின் முன்னாள் இயக்குநர் கே.ஆர். கிராந்தியும் அமெரிக்க மானிடவியலாளர் க்ளென் டேவிஸ் ஸ்டோனும் 'நேச்சர் பிளான்ட்ஸ்' இதழில் இந்தியப் பருத்தியைப் பற்றி ஒரு நீண்டகால மதிப்பீட்டை வெளியிட்டார்கள். 2018இல் இந்திய விவசாயி ஒரு எக்டேர் பருத்திக்குப் பூச்சிமருந்தில் போட்ட பணம், பூச்சியைத் தாங்கும்படி மரபணு மாற்றப்பட்ட பி.டி. பருத்தி வருவதற்கு முன்பு போட்டதைவிட 37 விழுக்காடு அதிகம் என்றார்கள் அவர்கள்.

எண் ஒத்துப்போனது தற்செயல். ஆனாலும் இந்தியாவில் இந்த விவாதம் எந்த நிலையில் கிடக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. ஆதரவாளர் முதல் எண்ணை எடுத்துப் பேசுவார், எதிர்ப்பாளர் இரண்டாவதை. இரண்டும் பிழையற்றவையாக இருக்க முடியுமா என்று கேட்பவர் குறைவு. இருக்க முடியும் என்பதே என் கருத்து. முதலாவது, ஒரே காலத்தில் மரபணு மாற்றப் பயிர் போட்டவரையும் போடாதவரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட ஆய்வுகளின் சராசரி. இரண்டாவது, ஒரு நாட்டின் முன்னையும் பின்னையும் ஒப்பிட்டது. இரண்டும் அளந்த காலங்களுக்கு இடையில் ஏறத்தாழ பத்தாண்டு இடைவெளியும் உண்டு. அந்தப் பத்தாண்டில் வயலில் என்ன நடந்தது என்பதுதான் இக்கட்டுரை ஆராயும் கேள்வி.

ஓர் எல்லையையும் குறித்துவிட வேண்டும். களைக்கொல்லியைத் தாங்கும்படி மாற்றப்பட்ட பயிர்கள் வேறு வகை. அங்கே மருந்தைத் தாராளமாக அடிப்பதற்காகவே பயிர் மாற்றப்படுகிறது. அமெரிக்க விவசாயிகளின் பண்ணைவாரித் தரவுகளைக் கொண்டு பெரி, சிலிபெர்ட்டோ, ஹென்னசி, மொஸ்கினி ஆகியோர் 2016இல் வெளியிட்ட ஆய்வில், களைக்கொல்லி தாங்கும் சோயாவைப் பயிரிட்டவர்கள் மற்றவர்களைவிட 28 விழுக்காடு கூடுதல் களைக்கொல்லியும், பூச்சி எதிர்ப்பு மக்காச்சோளத்தைப் பயிரிட்டவர்கள் 11 விழுக்காடு குறைவான பூச்சிக்கொல்லியும் பயன்படுத்தியிருந்தனர். இவ்விரண்டையும் ஒரே பெயரால் கூட்டிச் சராசரி எடுத்தால் கிடைக்கும் எண்ணுக்குப் பொருள் குறைவு. எனவே இங்கே பேச்சு பூச்சி எதிர்ப்புப் பருத்தியைப் பற்றியே. களைக்கொல்லி கடைசிப் பகுதியில் மட்டும் தலைகாட்டும்.

பி.டி.க்கு முன்

1990களில் இந்தியாவின் பயிர் நிலத்தில் சுமார் ஐந்து விழுக்காட்டில் விளைந்த பருத்தி, நாட்டின் மொத்தப் பூச்சிமருந்தில் ஏறக்குறைய பாதியைக் குடித்தது. காரணம் முதன்மையாக ஒரு புழு: பச்சைக் காய்ப்புழு, அதாவது அமெரிக்கன் காய்ப்புழு. 1980களின் தொடக்கத்தில் வந்த செயற்கைப் பைரித்திராய்டு மருந்துகள் சில ஆண்டுகள் அதை அடக்கின. 1987இல் கடலோர ஆந்திரத்தில் அவை பொய்த்தன. அடித்த மருந்துக்குப் புழு சாகவில்லை. விவசாயி இரண்டு மருந்தைக் கலந்து அடித்தார், பிறகு மூன்றைக் கலந்தார். குண்டூர், பிரகாசம் மாவட்டங்களிலும் பின்னர் 1997-98இல் வாரங்கலிலும் கடனும் தற்கொலையும் செய்தியாயின.

மண்ணில் வாழும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் (பி.டி.) என்ற பாக்டீரியாவின் கிரை1ஏசி மரபணுவைச் செடிக்குள் வைத்த பருத்திக்கு, 2002 மார்ச்சில் மரபணுப் பொறியியல் அனுமதிக் குழு ஒப்புதல் தந்தது இந்தப் பின்னணியில்தான். மஹிகோ-மான்சான்டோவின் மூன்று வீரிய ஒட்டு ரகங்கள் அனுமதி பெற்றன. அதற்கு முந்தைய ஆண்டே குஜராத்தில் 'நவபாரத் 151' என்ற பெயரில் அனுமதியில்லாத பி.டி. பருத்தி ஆயிரக்கணக்கான ஏக்கரில் நிற்பது தெரியவந்திருந்தது. இது வெறும் துணுக்குச் செய்தி அல்ல. தொடக்க ஆண்டுகளின் 'பி.டி. பரப்பு' என்று அரசும் நிறுவனங்களும் தரும் எண்களில் இந்தத் திருட்டு விதை சேர்வதில்லை. அந்த எண்களை நம்பி, 'பி.டி. பரவும் முன்பே மகசூல் உயர்ந்துவிட்டது' என்று வாதிடுபவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

குறைந்தது மெய்யே

2001ஆம் ஆண்டுச் சோதனை வயல்களை வைத்துக் கைமும் டேவிட் சில்பர்மனும் 2003இல் வெளியிட்ட கட்டுரை, 80 விழுக்காடு மகசூல் உயர்வைச் சொன்னது. நிறுவனம் நடத்திய சோதனைத் தரவுகளின் மேல் எழுந்த அந்த எண் சந்தேகத்துக்குரியது, அன்றே விமர்சிக்கப்பட்டது. ஆனால் அதை ஒதுக்கிவிட்டாலும் பூச்சிமருந்து குறைந்தது என்பதற்கு வேறு சான்றுகள் நிற்கின்றன. மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாடு ஆகிய நான்கு மாநிலங்களில் ஒரே குடும்பங்களை 2002 முதல் 2008 வரை திரும்பத் திரும்பச் சந்தித்த கைமின் குழு, மருந்தின் அளவு பாதியாகக் குறைந்ததாகக் கண்டது. எதிர்முகாமிலிருந்தும் சாட்சி உண்டு. பி.டி. பருத்தியின் பரவலை 'விவசாயியின் பட்டறிவு தேய்ந்துபோதல்' என்று விமர்சித்து எழுதிய ஸ்டோனே, வாரங்கல் கிராமங்களில் தாம் செய்த களஆய்வின் முடிவாக 2011இல் எழுதியது: 2003க்கும் 2007க்கும் இடையில் மருந்து அடிப்பது 55 விழுக்காடு குறைந்தது, மகசூல் 18 விழுக்காடு கூடியது. ஒரு தொழில்நுட்பத்தை விரும்பாத ஆய்வாளர் அதற்குச் சாதகமான எண்ணை வெளியிடும்போது, அந்த எண்ணுக்குக் கூடுதல் மதிப்பு தருவதே முறை.

கிராந்தி தொகுத்த கணக்கு இன்னும் தெளிவானது. நாடு முழுக்கக் காய்ப்புழுவுக்கென அடித்த பூச்சிமருந்து 2001இல் 9,410 டன். 2011இல் 222 டன். இந்தச் சரிவு முழுவதும் பி.டி.யால்தானா என்று கேட்க இடமுண்டு. ஸ்பைனோசாட், இண்டாக்சகார்ப், எமாமெக்டின் போன்ற புதிய மருந்துகள் ஏறத்தாழ அதே காலத்தில் சந்தைக்கு வந்தன, அவையும் பச்சைக் காய்ப்புழுவை நன்றாகவே கொன்றன. ஆயினும் புதிய மருந்து வந்ததால் பழைய மருந்து போகலாம், மருந்தே போய்விடாது. செடிக்குள் இருந்த நஞ்சு பெரும்பங்கு வேலை செய்தது என்று கொள்வதே பொருத்தம்.

ஆனால் அதே தொகுப்பில் இன்னொரு வரி இருக்கிறது. சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு அடித்த மருந்து 2006இல் 2,110 டன். 2011இல் 6,372 டன்.

சாறு உறிஞ்சிகள்

பி.டி. நஞ்சு புழுக்களின் குடலில் மட்டுமே வேலை செய்யும். தத்துப்பூச்சி, அசுவினி, இலைப்பேன், வெள்ளை ஈ ஆகியவற்றுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. காய்ப்புழுவுக்கு அடித்த மருந்தில் இவையும் சேர்ந்து செத்துக்கொண்டிருந்தன. அந்த மருந்து நின்றதும் இவை தழைத்தன. சீனாவின் வட மாநிலங்களில் பி.டி. பருத்தி பரவப் பரவ மிரிட் நாவாய்ப்பூச்சிகள் பருத்தியில் பெருகி, பக்கத்துப் பழத்தோட்டங்களுக்கும் பரவியதை லூ யான்ஹுயியும் சகாக்களும் 2010இல் 'சயின்ஸ்' இதழில் காட்டினார்கள். இதே குழு 2012இல், மருந்து குறைந்ததால் பொறிவண்டு, சிலந்தி போன்ற நன்மை செய்யும் உயிர்கள் பெருகியதையும் காட்டியது. முதல் கட்டுரையை மேற்கோள் காட்டுபவர்கள் இரண்டாவதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

இந்தியாவில் இதற்கு மேலும் ஒரு காரணம் சேர்ந்தது. தத்துப்பூச்சியைத் தாங்கும் பருத்தி ரகங்களின் இலையில் அடர்ந்த ரோமம் இருக்கும், பூச்சி முட்டையிடத் தடுமாறும். பல பத்தாண்டுகளாக நம் பருத்தி ஆராய்ச்சியாளர்கள் பார்த்துப் பார்த்துத் தேர்ந்த குணம் அது. பி.டி. மரபணுவை ஏற்றிப் பத்தே ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஒட்டு ரகங்கள் சந்தையில் குவிந்தபோது இந்தக் குணத்தைச் சோதித்துப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. தத்துப்பூச்சிக்கு எளிதில் இரையாகும் ரகங்கள் பலவும் அதில் இருந்தன. விதையிலேயே இமிடாகுளோப்ரிட் பூசி விற்றார்கள். முதல் சில வாரம் பூச்சி வராது, வருகிறபோது அதே மருந்தைத் தெளிப்பார்கள். தத்துப்பூச்சிக்கு இமிடாகுளோப்ரிட் பழகிப்போனது. 2015இல் பஞ்சாபில் வெள்ளை ஈ பருத்தியைச் சூறையாடியபோது விவசாயிகள் சாலையிலும் தண்டவாளத்திலும் அமர்ந்தார்கள்.

எல்லா வெடிப்பையும் பி.டி.யின் தலையில் கட்டுவதும் சரியல்ல. 2000களின் நடுவில் பெரும் பீதியைக் கிளப்பிய மாவுப்பூச்சி வெளியிலிருந்து வந்து நுழைந்த இனம். ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவி தானாகவே பெருகி அதைச் சில ஆண்டுகளில் அடக்கிவிட்டது.

எதைக்கொண்டு அளப்பது

மருந்து கூடியதா குறைந்ததா என்ற கேள்விக்கு விடை, அளக்கும் கருவியைப் பொறுத்தும் மாறும். இமிடாகுளோப்ரிட் 17.8 விழுக்காட்டுக் கரைசல் எக்டேருக்கு 100 முதல் 125 மில்லி போதும். அதில் உள்ள நஞ்சுப்பொருள் 20-25 கிராம். எமாமெக்டின் பென்சோயேட் என்றால் எக்டேருக்கு ஏறத்தாழ 10 கிராம். பழைய மோனோகுரோட்டோபாஸ் போன்ற மருந்துகளில் இதே இடத்துக்குப் பல நூறு கிராம் தேவைப்பட்டது. ஒரு விவசாயி பழைய மருந்தை விட்டுப் புதியதுக்கு மாறினால் கிலோ கணக்கில் மருந்து பெருமளவு குறைந்ததாகத் தெரியும். அவர் தோளில் தெளிப்பானைச் சுமந்த நாட்கள் ஒன்றும் குறைந்திருக்காது. மாறாக, புதிய மருந்து விலை கூடியது என்பதால் ரூபாய்க் கணக்கில் பயன்பாடு கூடியதாகவே தெரியும்.

கைமின் 'பாதி' அளவில் கண்டது, ஸ்டோனின் '55' அடிப்புகளில் கண்டது, கிராந்தி-ஸ்டோனின் '37' பணத்தில் கண்டது. இவற்றை ஒரே கோட்டில் வைத்து ஏறியது, இறங்கியது என்று பேசுவது நாழியையும் முழத்தையும் கூட்டுவது போலத்தான். கூடுதலாக, நஞ்சின் கடுமை என்ற நான்காவது அளவு உண்டு. கவுசரும் கைமும் 2011இல் எழுதிய ஆய்வு, பி.டி. வந்தபின் மருந்து அடித்து உடல்நலம் கெட்ட நிகழ்வுகள் குறைந்ததாகக் காட்டியது. மிகக் கொடிய நஞ்சுகளின் பயன்பாடு குறைந்ததே அதன் காரணம். எனக்கு இந்த நான்காவது அளவே முதன்மையாகப் படுகிறது. ஆனால் அதைத்தான் ஆண்டுதோறும் அளப்பவர்கள் மிகக் குறைவு. அரசு வெளியிடும் பூச்சிமருந்து நுகர்வுக் கணக்கு மாநிலவாரியானது. பருத்திக்கு எவ்வளவு, நெல்லுக்கு எவ்வளவு என்று அதிலிருந்து பிரித்தெடுக்க வழியில்லை. ஆகவே ஆய்வாளர்கள் சிறிய குடும்ப ஆய்வுகளையோ, வணிகச் சந்தைத் தரவையோ நம்ப வேண்டியிருக்கிறது.

இதில் இன்னொரு சிக்கல். 2010களின் தொடக்கத்தில் இந்தியப் பருத்திப் பரப்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் பி.டி. ஆகிவிட்டது. அதற்குப்பின் 'போட்டவர், போடாதவர்' என்று ஒப்பிட ஆள் இல்லை. கைமின் ஆய்வுகள் 2008இல் நின்றுவிடுகின்றன. 37 விழுக்காடு கூடுதல் என்ற கணக்கோ, 2008க்குப் பின் நடந்ததையும் சுமந்து வருகிறது.

காய்க்குள் நடந்தது

2008க்குப் பின் நடந்தது இன்னொரு புழுவின் கதை: இளஞ்சிவப்புக் காய்ப்புழு. குஜராத்தின் அம்ரேலி, பாவ்நகர், ஜூனாகட், ராஜ்கோட் மாவட்டங்களில் அது கிரை1ஏசிக்கு அஞ்சாமல் போய்விட்டதை 2010இல் மான்சான்டோவே அறிவித்தது. இரட்டை மரபணு கொண்ட போல்கார்டு-2க்கு மாறுங்கள் என்பதே அது தந்த மருந்துச்சீட்டு. அந்த விதை 2006இலேயே சந்தைக்கு வந்திருந்தது. 2014-15 வாக்கில் அதையும் இந்தப் புழு வென்றது.

ஏன் இளஞ்சிவப்புப் புழு மட்டும்? பச்சைக் காய்ப்புழு இன்றும் பெருமளவு அடங்கியே இருக்கிறது. அது துவரை, கொண்டைக்கடலை, தக்காளி என்று பல பயிரில் வாழ்கிறது. அங்கெல்லாம் பி.டி. நஞ்சைப் பாராத அந்துப்பூச்சிகள் உருவாகி, பருத்தியில் தப்பிய எதிர்ப்புள்ள அந்துகளோடு கூடி எதிர்ப்பைக் கரைத்துவிடுகின்றன. இளஞ்சிவப்புப் புழுவுக்கு இந்தியாவில் ஏறக்குறைய பருத்தியே கதி. அதற்கென விவசாயி தன் வயலிலேயே பி.டி. அல்லாத பருத்தியைப் புகலிடமாக நட வேண்டும் என்பது அப்போதைய விதி: 20 விழுக்காடு பரப்பில், அல்லது ஓரத்தில் ஐந்து வரிசை. 450 கிராம் பி.டி. விதைப் பொட்டலத்தோடு 120 கிராம் சாதா விதையும் ஒரு சிறு பையில் வந்தது. பெரும்பாலோர் நடவில்லை. இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருப்பவரிடம், ஐந்தில் ஒரு பங்கைப் புழுவுக்கு விடு என்று சொல்வதற்கு முன், அதற்கு ஈடு யார் தருவார் என்று கேட்டிருக்க வேண்டும்.

இதைவிட ஆழமான பிழை விதையிலேயே இருந்தது. பருத்தி பயிரிடும் பெருநாடுகளில் பெரும்பாலானவை நிலையான ரகங்களைப் பயிரிடுகின்றன. இந்தியாவில் பி.டி. ஏறத்தாழ முழுவதும் வீரிய ஒட்டு விதையாகவே வந்தது. ஒட்டு விதையை விவசாயி எடுத்துவைத்து மறுபடி விதைத்தால் குணம் சிதறும். ஆண்டுதோறும் வாங்கியாக வேண்டும். நிறுவனத்துக்கு இது காப்புரிமையைவிட வலுவான பூட்டு. இதன் விளைவு காய்க்குள் தெரிந்தது. ஒட்டுச்செடியில் பி.டி. மரபணு ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வந்திருந்தால், அதன் காயில் உருவாகும் விதைகளில் நான்கில் மூன்றில்தான் நஞ்சு இருக்கும். ஒன்றில் இருக்காது. முட்டையிலிருந்து வந்த புழு விரைவிலேயே காயைத் துளைத்து உள்ளே போய்விடுகிறது. அங்கே அது ஒரு விதையைத் தின்று முடித்து அடுத்ததற்கு நகர்கிறது: நஞ்சில்லாத விதையில் தெம்பு பெற்று, நஞ்சுள்ளதைக் கொஞ்சம் சுவைத்துப் பிழைத்து. எதிர்ப்பை வளர்க்க இதைவிடச் சிறந்த பயிற்சிக்கூடம் அமைக்க முடியாது.

ஒட்டு விதை விலை கூடியது. எனவே விவசாயி இடைவெளி விட்டு ஊன்றினார். இடைவெளி விட்டால் ஒவ்வொரு செடியும் படர்ந்து நீண்ட நாள் காய்க்க வேண்டும். பாசனம் உள்ள இடங்களில் பருத்தி ஆறு மாதத்தையும் தாண்டி பிப்ரவரி, மார்ச் வரை நின்றது. பின்பருவத்தில் பெருகும் இளஞ்சிவப்புப் புழுவுக்கு இது தொடர் விருந்து. விதை, விலை, இடைவெளி, பருவகாலம் என்று இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் சந்தை அமைப்பால் வந்தது.

காய்க்குள் போய்விட்ட புழுவுக்கு வெளியே மருந்து அடித்துப் பயன் குறைவு. அதைப் பலரும் அறியாமலே அடித்தார்கள். சாறு உறிஞ்சிகளுக்கும் சேர்த்து, கலந்து அடித்தார்கள். 2017 பருவத்தில் மகாராஷ்டிரத்தின் யவத்மாள் மாவட்டத்தில் ஆள் உயரத்துக்கு வளர்ந்த பருத்திக்குள் நின்று மருந்து அடித்தவர்களில் நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைக்குப் போனார்கள், இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே பருவத்தில் பெரம்பலூரிலும் பருத்திக்கு மருந்து அடித்தவர்கள் உயிரிழந்தனர். பூச்சிமருந்தைக் குறைப்பதற்கென்று வந்த பயிருக்கு மருந்து அடித்தவர்கள் இவர்கள்.

அரிசோனாவும் யாங்சியும்

மரபணுவே தோற்றது என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாததற்குக் காரணம் அரிசோனா. அதே கிரை1ஏசி, அதே இளஞ்சிவப்புப் புழு. 1996 முதல் அங்கே விவசாயிகள் புகலிடப் பருத்தியை முறையாக நட்டார்கள். 2006இலிருந்து புகலிடத்துக்குப் பதிலாக மலடாக்கப்பட்ட அந்துப்பூச்சிகளை வானூர்தியிலிருந்து வயல்களில் தூவினார்கள். இனக்கவர்ச்சிப் பொருளும் அறுவடைக்குப்பின் செடியை மடக்கி உழுவதும் சேர்ந்தன. 2018 அக்டோபரில் அமெரிக்கப் பருத்தி நிலங்களில் இப்புழு ஒழிந்ததாக அந்நாட்டு வேளாண்துறை அறிவித்தது. பரந்த பண்ணைகளும் தங்கள் சங்கத்தின் வழியே செலவைப் பகிர்ந்துகொள்ளும் விவசாயிகளும் உள்ள இடம் அது, மகாராஷ்டிரத்தின் விதர்பாவுக்கு அப்படியே பொருந்தாது என்று சொல்லலாம், சரியே.

அப்படியானால் சீனா இருக்கிறது. யாங்சி ஆற்றுப் பள்ளத்தாக்கின் சிறு விவசாயிகள் புகலிடம் எதையும் திட்டமிட்டு நடவில்லை. ஒட்டுப் பருத்தியின் இரண்டாம் தலைமுறை விதை மலிவாகக் கிடைத்ததால் அதை நட்டார்கள். அந்த விதையில் நான்கில் ஒரு செடி பி.டி. இல்லாமல் வளரும். வயலுக்குள்ளேயே புகலிடம் கலந்து நின்றது. ஆறு மாநிலங்களில் 2005 முதல் 2015 வரை கண்காணித்த வான் பெங் குழு, இளஞ்சிவப்புப் புழுவின் எதிர்ப்பு முதலில் ஏறி, பிறகு இறங்கியதை 2017இல் வெளியிட்டது. இந்தியாவில் காய்க்குள் விதைவிதையாய்க் கலந்த நஞ்சு புழுவுக்குப் பயிற்சி தந்தது. யாங்சியில் செடிசெடியாய்க் கலந்தது புகலிடமாயிற்று. மரபணு ஒன்றே, கலவையின் தளம் வேறு.

பல ஆண்டுகளாகக் கிராந்தி வலியுறுத்தியது, ஐந்து மாதத்துக்குள் முடியும், நெருக்கி நடத்தக்க, விவசாயியே விதை எடுத்துக்கொள்ளும் நிலையான ரகங்களை. அத்தகைய ரகங்களில் பி.டி. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பின்பருவப் புழுவுக்கு முன்பே அறுவடை முடிந்துவிடும். என் வாசிப்பில், 2002இலேயே இவ்வழி எடுக்கப்பட்டிருந்தால் மருந்துக் குறைவு நீடித்திருக்க வாய்ப்பு அதிகம். எந்த விதை நிறுவனத்துக்கும் அதில் ஆண்டு வருமானம் இல்லை என்பதால் அது எடுக்கப்படவில்லை என்றும் கருதுகிறேன்.

கணக்கில் வராத பருத்தி

அடுத்த சுற்று ஏற்கெனவே தொடங்கிவிட்டது. களைக்கொல்லி தாங்கும் பருத்திக்கு இந்தியாவில் அனுமதி கிடையாது. ஆனாலும் மகாராஷ்டிரம், குஜராத், தெலங்கானா, ஆந்திரம் எங்கும் அது ரகசிய விதையாகப் புழங்குகிறது. 2019 ஜூனில் ஷேத்கரி சங்கடனா என்ற விவசாயிகள் அமைப்பினர் அகோலா மாவட்டத்தில் சட்டத்தை மீறி அதை வெளிப்படையாகவே விதைத்தார்கள். களையெடுக்க ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தால் கூலி கட்டுப்படியாகவில்லை என்பது அவர்கள் வாதம். அந்த வேலையைப் பெரும்பாலும் செய்துவந்த பெண்களின் கூலி என்னவாகும் என்பது விவாதத்தில் வருவதே இல்லை. நவபாரத் 151 காலத்தைப் போலவே, அனுமதி இல்லை என்பதால் இந்தப் பருத்தி எந்தப் பதிவேட்டிலும் இல்லை. புகலிடம், கண்காணிப்பு எதுவும் இல்லை. அதற்கு அடிக்கப்படும் கிளைபோசேட்டுக்கு இந்தியாவில் பதிவு இருப்பது தேயிலைத் தோட்டத்துக்கும் பயிரில்லா நிலத்துக்கும் மட்டும். 2022 அக்டோபரில் அதன் பயன்பாட்டைப் பூச்சிக்கட்டுப்பாட்டுத் தொழில்முறையாளர்களுக்கு மட்டும் என்று மத்திய அரசு சுருக்கியது. பத்தாண்டு கழித்து யாராவது இந்தியப் பருத்தியில் களைக்கொல்லி கூடியதா என்று கணக்கெடுக்க உட்கார்ந்தால், அந்த மருந்து தேயிலைக் கணக்கிலோ பயிரில்லா நிலத்தின் கணக்கிலோதான் இருக்கும்.